மூன்று வாரம் முன்னால் வந்த தவக்காலம்

கீரைப் பாத்தியின் வரப்பில் நின்றபடி கைப்பையைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். உள்ளே ஒரு தாள் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

இடம் வெள்ளானூர், தேசிங்கின் தோட்டம். ஞாயிறு காலைப் பூசை முடிந்து நேராக அங்கே போயிருந்தேன். பன்னிரண்டு பாத்தியிலும் கீரை ஒரு சாணுக்கு மேல் நிமிர்ந்து நின்றது. ஒரு பக்கம் முளைக்கீரை, ஒரு பக்கம் சிறுகீரை, கிணற்றோரம் அரைக்கீரை. இலை மேல் பனி இன்னும் காயவில்லை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் கண் குளிரும். நான் மட்டும் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, சூப்பரா வந்துகீதுல்ல?" என்றார் தேசிங்கு. மடித்துக் கட்டிய லுங்கி, முட்டி வரைக்கும் சேறு, முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் அஞ்சே நாளு. உங்க நோம்பு ஆரம்பிக்குற அன்னிக்குக் கரீட்டா புடுங்குற பதம். நீங்க சொன்ன தேதிக்கு நாள எண்ணித்தான் வெதச்சேன்."

ஐந்து நாளில் நோன்பு கிடையாது. பூசை முடிந்ததும் கோவிலில் தவக்கால நிகழ்ச்சிகளை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதன்படி தவக்காலம் தொடங்க இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. என் கைப்பையில் கிடந்த தாள் அதுதான்.

தப்பான தேதியைச் சொன்னது நான்.

குவார்ட்டர்ஸில் நடந்த தண்ணீர்ச் சண்டையைப் போன வாரம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு என் கணவர் அந்தோணி சொன்னார்: "ஊர்ல இருக்கிறவங்க தப்பையெல்லாம் பக்கம் பக்கமா எழுதற. உன்னோடது ஒண்ணாவது எழுதேன்." சரி, எழுதிவிடுகிறேன். இனி யாரும் குறை சொல்ல வேண்டாம்.

தேதி கேட்கும் வழக்கம்

அப்போது நானும் அந்தோணியும் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தோம். நான் தையல் பிரிவு, அவர் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் திருநெல்வேலி, தஞ்சாவூர், வேலூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. அதில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபத்தைந்துக்குப் பக்கம். அத்தனை பேரும் சேர்ந்தது ஒரு அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். ஜெபம், பாட்டு, அப்புறம் சுண்டல், அதற்கும் அப்புறம் ஊர்வம்பு.

சாம்பல் புதன் அன்று கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். அன்றைக்குத் தொடங்குகிற தவக்காலம் ஈஸ்டர் வரைக்கும் போகும். எங்கள் அன்பியத்தில் அது முழுக்கக் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை ஜெபம் முடிந்ததும் கோவில் வளாகத்தில் கஞ்சியும் கீரையும். ஆக, கீரைக்குப் பெரிய கிராக்கி உள்ள காலம் அது.

இதைக் கண்டுபிடித்துப் பயிர் வைத்தவர் தேசிங்கு. அவர் சாமி வேறு, எங்கள் சாமி வேறு. ஆனால் எங்கள் பக்தியின் ஏற்ற இறக்கம் எங்கள் பங்குச் சாமியாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "மொதோ பத்து நாளுதாங்க்கா உங்காளுங்க டைட்டா இருப்பாங்கோ. அப்பால பன்னீரு, காளானுன்னு பூடுவாங்கோ. அதனால மொதோ பத்து நாளுக்குத்தான் நான் வெதைப்பேன்" என்பார்.

தவக்காலம் வருடத்துக்கு வருடம் தேதி மாறும். அதனால் பொங்கல் முடிந்ததும் ஒரு நாள் மொபெட்டில் வந்து என்னிடம் தேதி கேட்டுக்கொண்டு போவார். நான் அன்பியத்தின் செயலாளர் இல்லையா, காலண்டரைப் பார்த்துச் சொல்கிற அதிகாரம் எனக்குத்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஒரே ஆணி

குவார்ட்டர்ஸில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து ஓட்டையை எண்ணிவிட்டுப் போவார். எங்கள் கூடத்தில் எங்களுக்கு முன்னால் குடியிருந்த புண்ணியவான் அடித்துவிட்டுப் போன ஆணி ஒன்றே ஒன்று. பங்குக் கோவில் காலண்டர் அதில்தான் தொங்கும். கேஸ் பதிவு செய்த நாள், பால் நின்ற நாள் எல்லாவற்றையும் அதில்தான் குறித்து வைப்பேன். அதனால் பழசை எடுக்க மனம் வராது. புதுக் காலண்டரை அதன் மேலேயே மாட்டிவிடுவேன். இரண்டிலும் அதே மாதா படம், அதே எழுத்து.

தேசிங்கு வந்தபோது அடுப்பில் பால். கண்ணாடி எங்கேயோ. ஒரு கையால் தாளைத் தூக்கினேன். புதுக் காலண்டரோடு அடியில் இருந்த பழசின் முதல் தாளையும் சேர்த்துத் தூக்கிவிட்டேன் போலிருக்கிறது. போன வருடத்துப் பிப்ரவரி கண்ணில் பட்டது. சிவப்பில் கட்டம் கட்டியிருந்த தேதியை வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். தேசிங்கு தலையாட்டிவிட்டு மொபெட்டை உதைத்தார். நான் பாலை இறக்கினேன்.

"அந்தத் தேதி இந்த வருஷம் வெள்ளிக்கிழமை வருது. சாம்பல் புதன் வெள்ளிக்கிழமையிலயா வரும்?" என்று அந்தோணி பிற்பாடு கேட்டார். தேதியைத்தான் பார்த்தேன், கிழமையை யார் பார்த்தார்கள்?

சுவர் தாண்டி வந்த கீரை

"கீரைதானே, மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டால் போகிறது" என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அன்று வரப்பில் நின்று பேச்சோடு பேச்சாகக் கேட்டும் பார்த்தேன்.

"மார்க்கெட்டுக்காரன வேற எடத்துல பாத்துக்கோன்னு சொல்லிட்டங்க்கா. இந்த வாட்டி அத்தினியும் உங்க குவார்ட்டர்ஸுக்குத்தான்" என்றார். பிறகு கிணற்றைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் எங்கோ அடியில் தட்டு அளவுக்கு மின்னியது. அந்த வருடம் மழை ஏமாற்றியிருந்தது.

"இருந்த தண்ணி மொத்தத்தையும் இதுக்குத்தான் வுட்டேன். இனிமே மழ வந்தாத்தான் அடுத்த வெத. இத்த வெச்சித்தான் வெயில் காலத்த ஓட்டணும்."

முளைக்கீரை யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு வாரம் விட்டால் முற்றும், அடுத்த வாரம் பூத்துவிடும். அதற்கு மேல் மாட்டுக்குத்தான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொரோனா ஊரடங்கில் கோயம்பேடு மூடியிருந்த நாட்களில் எங்கள் கேட்டுக்குள் ஈ, காக்கை நுழைய முடியாது. சமையலறையில் வெங்காயமும் பருப்பும் தவிர ஒன்றும் இல்லை. அப்போது ஒரு காலையில் பின்பக்கச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "யக்கா! யாரு கீறீங்க அங்க?" என்று குரல் கேட்டது. எட்டிப் பார்ப்பதற்குள் கீரைக் கட்டுகள் ஒவ்வொன்றாகச் சுவரைத் தாண்டி வந்து விழுந்தன. வாழைநாரில் கட்டிய ஈரக் கட்டுகள். நாங்கள் பெண்களெல்லாம் முந்தானையை விரித்துப் பிடித்தோம். என் தோழி ஸ்டெல்லாவின் தலையிலேயே ஒரு அரைக்கீரைக் கட்டு விழுந்தது.

கேட் திறக்கிற வரைக்கும் தினமும் வந்தார். காசு எப்படிக் கொடுப்பது என்று கேட்டால், "மொதல்ல துன்னுங்க" என்பார்.

நாங்களும் சும்மா வாங்கித் தின்றவர்கள் இல்லை. வரிசைக்கு ஒரு வாளி வைத்து, காய்கறித் தோலும் டீத்தூளும் சேர்த்து அவருடைய எருக்குழிக்கு அனுப்புவோம். அவர் கிணற்று மோட்டாருக்கு வைத்தியர் அந்தோணிதான். ஒரு மழைக்காலத்தில் மோட்டார் மூழ்கிப்போனபோது, ஃபிட்டர்கள் நான்கு பேர் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு போய்க் கயிறு கட்டி இழுத்தார்கள். ஆனாலும் அந்தச் சுவர் தாண்டி வந்த கீரைக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அப்படிப்பட்ட மனிதரின் கிணற்றுத் தண்ணீரை மொத்தமாக வீணாக்கியிருந்தேன்.

ஆரோக்கியசாமியின் யோசனை

அன்று மாலையே அவசர அன்பியக் கூட்டம் போட்டேன். எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. எல்லாரும் ஆறுதல் சொல்வார்கள் என்று பார்த்தால் ஸ்டெல்லா முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். ஆணி விஷயத்தை இரண்டாவது முறை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்கள்.

வெல்டர் ஆரோக்கியசாமிதான் வழி சொன்னார். திருநெல்வேலிக்காரர். "இதுக்குப் போயி ஏன் மேரிக்கா அழுதிய? தவக்காலத்த மூணு வாரம் முன்னாடி இழுத்துப் போட்டா தீந்துச்சு. வெள்ளிக்கெழமையே ஆரம்பிச்சிருவோம். எல்லாரும் கீரைய வாங்குவோம். அந்த மனுசனுக்குத் தெரியவே வேண்டாம்."

தெரிந்தால் தேசிங்கு சங்கடப்படுவார், எங்களை வாங்க விடமாட்டார் என்பது எல்லாரும் ஒத்துக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் வேறு. அவர் முகத்தைப் பார்த்து, "நான்தான் தப்பாகச் சொன்னேன்" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அந்த யோசனையை முதலில் கைதட்டி வரவேற்றவள் நான்தான்.

பங்குச் சாமியாரிடமும் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணு வாரம் முன்னாடி தவக்காலமா? ஆயருக்குத் தெரிஞ்சா எனக்கு டிரான்ஸ்பர்தாம்மா." ஆனால் ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் கீரை விற்க அவரே இடம் ஒதுக்கினார். நான் கிளம்பும்போது, "தேசிங்குகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். "இல்ல ஃபாதர்" என்றேன். "எங்கிட்ட சொல்றது ரொம்ப சுலபம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை மூன்று வாரமும் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

பச்சை டிபன் பாக்ஸ்

வெள்ளிக்கிழமை தொடங்கியது எங்கள் நாடகம். தேசிங்கும் அவர் மனைவி சரோஜாவும் காலையில் மொபெட் நிறையக் கீரையோடு வந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும், "நோம்பு ஆரம்பிச்சாச்சு, ரெண்டு கட்டு குடுங்க" என்று ஒரே மாதிரி வசனம். ஸ்டெல்லா கூடுதலாகக் கண்ணை மூடி நெஞ்சில் சிலுவை வேறு போட்டுக்கொண்டாள். அவளுக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம்தான்.

நோன்பு மாதிரி நடித்தால் போதும் என்றுதான் நினைத்தோம். ஆனால் தினமும் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று அவர்கள் வந்துகொண்டிருந்தால் எந்த வீட்டில் மீன் பொரிக்க முடியும்? ஆரோக்கியசாமி ஒரு மாலை ஜன்னலைச் சாத்திக்கொண்டு கோழி வறுத்தார். சரியாக அப்போது தேசிங்கு வந்து நின்றார். "இன்னா அண்ணாத்தே, வாசன தூக்குது?" "சோயா" என்றாராம் ஆரோக்கியசாமி. "நம்ம ஊர் மசாலா, அப்படித்தான் மணக்கும்." அதற்கப்புறம் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நோன்பு நிஜமாகவே நோன்பு ஆகிவிட்டது.

தொழிற்சாலையில் மதியம் எங்கள் வரிசை ஆட்கள் டிபன் பாக்ஸைத் திறந்தால் மேசையே பச்சை. வேலூர்க்காரர்கள் கடைசல் செய்தார்கள். தஞ்சாவூர்க்காரியான மாடிவீட்டு லட்சுமி எங்கள் மதம் இல்லை, ஆனாலும் விஷயம் தெரிந்து தினமும் இரண்டு கட்டு வாங்கி மோர்க்கூட்டு வைத்தாள். ஆரோக்கியசாமி வீட்டில் புளி ஊற்றிய கீரை. நான் கீரை வடை, கீரை அடை, கீரை சப்பாத்தி என்று தெரிந்ததையெல்லாம் செய்து, தெரியாததையும் செய்து பார்த்தேன். கீரை உப்புமா என்று ஒன்று செய்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று அந்தோணி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைசி வாரம் முளைக்கீரை முற்றித் தண்டாகிவிட்டது. அப்போதும் விடவில்லை. தண்டை நறுக்கிப் புளிக்குழம்பில் போட்டோம். பாத்திகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. மாட்டுக்கென்று போனது வேரும் பழுத்த இலையும்தான்.

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேசிங்கு ஒவ்வொரு காலையும் கட்டை என் கையில் கொடுத்து, "ஆண்டவன் புண்ணியத்துல எல்லாம் போவுதுக்கா" என்பார். ஒவ்வொரு காலையும் சொல்லிவிட வாயைத் திறப்பேன். "ரெண்டு கட்டாக் குடுங்க" என்றுதான் வரும்.

செவ்வாய்க்கிழமை மாலை

நிஜச் சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்னால் சரோஜா வீடு வீடாக வந்தாள். "நாளைக்கு ஷிப்ட் முடிச்சிகினு அத்தினி பேரும் தோட்டத்துக்கு வந்துடணும்" என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. கடைசிப் பாத்தி முடிந்ததற்குச் சாமி கும்பிடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டோம். ஸ்டெல்லா பூவும் பழமும் வாங்கிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு மேல் போய் இறங்கினோம். வெயில் இன்னும் தணியவில்லை. வெறும் பாத்திகளின் மேல் தார்ப்பாய் விரித்து வரிசையாக வாழை இலை போட்டிருந்தது. கிணற்றோரம் கல் கூட்டி ஒரு பெரிய அண்டா. சரோஜா மூடியைத் திறந்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு. மூன்று வாரமாகக் கீரையை மட்டும் பார்த்திருந்த ஆரோக்கியசாமி, "இயேசுவே" என்றார். அது ஜெபமாகத்தான் இருக்க வேண்டும்.

யாரும் உட்காரவில்லை. நோன்புக்காரர்கள் எப்படி உட்கார முடியும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

தேசிங்கு தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஒக்காருங்க எல்லாரும். நாளைக்குத்தானே உங்குளுக்கு நெஜ நோம்பு. இன்னிக்கு ஒரு நாளாவது கறி துன்னுங்க."

நான்தான் கேட்டேன். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மொதோ நாளேக்கா. வருசா வருசம் அந்த நாளு உங்க தெருவுக்கு வந்தன்னா, கொயந்தையிலேர்ந்து கெயவன் வரைக்கும் நெத்தியில சாம்பல் இருக்கும். அன்னிக்கு ஒர்த்தர் நெத்தியிலயும் இல்ல. ஊட்டுக்குப் போய் காலண்டரப் பாத்தேன்."

இருபத்தைந்து குடும்பம், அத்தனை யோசனை, அத்தனை வசனம். நெற்றியில் கொஞ்சம் சாம்பல் பூசிக்கொள்ள ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஸ்டெல்லா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பேச்சு அதோடு முடிந்திருக்கலாம். எல்லாரும் சிரித்துக்கொண்டே உட்காரவும் தொடங்கியிருந்தார்கள். ஆனால் நான் இன்னும் சொல்லவில்லையே. நாடகம் கலைந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அப்படியே இருந்தது.

"தம்பி," என்றேன். "பழைய காலண்டரப் பாத்துத் தேதிய மாத்திச் சொல்லிட்டேன். உங்க தண்ணி, உங்க உழைப்பு எல்லாத்தையும் நாசமாக்கப் பாத்தேன். அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

தேசிங்கு என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துண்டை முறுக்கினார், பிரித்தார்.

"நானுந்தாங்க்கா பயந்துட்டேன். எனுக்குத் தெரியும்னு சொன்னா நீங்கள்ளாம் நிறுத்திடுவீங்களோ, கீரை அத்தினியும் பூடுமோன்னு. அதனால நீங்கோ வயித்தக் கட்டிகினு இருக்குறதப் பாத்துகினே வாயத் தொறக்கல. தெனம் உங்க வாசல்ல நின்னு சொல்லணும்னு வருவேன். ரெண்டு கட்டான்னு கேட்டுட்டுப் பூடுவேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. என் வாசல்படிக்கு உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தர், நடுவில் இரண்டு கட்டுக் கீரை. மூன்று வாரம் அப்படி நின்றிருக்கிறோம்.

சரோஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேரும் அப்பால அயுங்க. கொயம்பு ஆறுது" என்று என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். இலையில் சோறு விழுந்தது, அதன் மேல் குழம்பு, அதன் மேல் ஒரு பெரிய துண்டு.

"நாளைலேர்ந்து கீர கூட கெடையாதுக்கா, தோட்டமே காலி" என்றாள். "வயிறு ரொம்பத் துன்னு."

தின்றேன். இரண்டாவது முறை கேட்டு வாங்கித் தின்றேன்.